ஆட்டக்காரனின் கதையை அரைவாசியில் நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடும் மாணவர்கள் படிக்கும் காலத்திலேயே பெருந்தொகைப் பணம் ஈட்டத் தொடங்கியிருப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதில் தகவற் பிழை எதையும் நான் காணவில்லை. ஆனால் ஆட்டக்காரனின் கதை அதில் அரைவாசியில் நின்றுவிட்டது. அப்படி நின்றுவிட்ட கதை கொழும்பில் எங்கள் வீடுகளுக்குள் தவறான வாதங்களை மூட்டிவிடுகிறது என்பதை என் வீட்டிலேயே கண்டதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையை எங்கள் வீட்டில் முதலில் வாசித்தவன் என் பேரன். வயது 17. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். பாடசாலையின் றக்பி அணியிலும் ஆடுகிறான். "அம்மம்மா, அங்கை படிக்கிற பெடியளுக்கே லட்சக்கணக்கிலை டொலர் குடுக்கினமாம்" என்று இராச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்துக் காட்டினான். என் மருமகன் பத்திரிகையை வாங்கி முழுவதையும் படித்துவிட்டு, "அங்கை அது தொழில், இஞ்சை அது பொழுதுபோக்கு. வாற வருசம் சோதினை. இதோடை பந்தை விடு" என்றார். ஒரே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பனும் மகனும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று வாதாடினார்கள். அந்த ஆட்டக்காரன் என்ன படிக்கிறான், அவனுடைய பட்டம் என்ன ஆகிறது, 23 வயதுக்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்ற கேள்விகள் கட்டுரையிலும் இல்லை, அவர்களுடைய வாதத்திலும் இல்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியையாகிய எனக்கு இந்த விளையாட்டில் என்ன அக்கறை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்கள் அமெரிக்காவில் இளைய மகளோடு தங்கியிருந்தேன். அங்கே சனிக்கிழமை என்றால் வீடு முழுவதும் பல்கலைக்கழக உதைபந்தாட்டம்தான். பெயரில் உதை இருந்தாலும் பந்தைக் காலால் உதைப்பது அதில் அரிது. கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிராளியைப் பிடித்து வீழ்த்துவதுமே ஆட்டம். எங்கள் றக்பிக்குத்தான் அது நெருங்கிய உறவு. பக்கத்துக்கு 11 பேர், 100 யார் நீளமான களம், நான்கு முயற்சிக்குள் 10 யார் முன்னேறாவிட்டால் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு எனக்கும் அதில் ஈடுபாடு வந்துவிட்டது. நாடு திரும்பிய பின்னரும் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன்.

அந்த ஆண்டில்தான் மைரன் ரோல் என்னும் மாணவரைப் பற்றி அறிந்தேன். பஹாமாஸ் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்து, நியூ ஜேர்சி மாநிலத்தில் வளர்ந்தவர். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு சேர்ந்து, 'சேஃப்டி' எனப்படும் நிலையில் ஆடினார். தற்காப்பு வரிசையின் மிகப் பின்னால் நின்று, மற்றவர்களையெல்லாம் தாண்டி வருபவனை மறிக்க வேண்டிய இடம் அது. எங்கள் றக்பியின் ஃபுல்பேக் போன்ற பொறுப்பு என்று பேரனுக்குச் சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டான். அதே மாணவர் உடற்பயிற்சி அறிவியலில் தம்முடைய பட்டப்படிப்பை இரண்டரை ஆண்டுகளில் முடித்தார். இடையில் ஓர் ஆட்டப் பருவத்தைக்கூட விடவில்லை.

2008 நவம்பர் 22ஆம் திகதி சனிக்கிழமை அவருக்கு இரண்டு அழைப்புகள் ஒரே நாளில் விழுந்தன. பகலில் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு வழங்கப்படும் ரோட்ஸ் புலமைப்பரிசிலுக்கான இறுதி நேர்முகத் தேர்வு. ஆண்டுக்கு 32 அமெரிக்கர் மட்டுமே அதற்குத் தெரிவாகிறார்கள். மாலையில் பல நூறு மைலுக்கு அப்பால் மேரிலாந்தில் அவருடைய அணிக்குப் போட்டி. நேர்முகத் தேர்வை விட்டுவிடும்படி பயிற்றுநர் சொல்லவில்லை. போட்டியை மறந்துவிடும்படி பேராசிரியர்கள் சொல்லவும் இல்லை. தெரிவானவர்களின் பெயர் அறிவிக்கப்படும் வரை அவர் அங்கே இருந்தார். தம்முடைய பெயரைக் கேட்டபின் தனி விமானத்தில் ஏறி, ஆட்டம் இரண்டாவது கால்பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது மைதானத்துக்கு வந்து சேர்ந்து, சீருடை அணிந்து களம் இறங்கினார். அவருடைய அணி 37க்கு 3 என்று வென்றது. அந்த இரவு தொலைக்காட்சியில் அவர் ஓடி வந்ததைப் பார்த்த எனக்கு, ஆசிரியையாக இருந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த 'ஒன்றை விட்டால்தான் மற்றது' என்ற சொல்லின் மேல் முதன்முதலாக ஐயம் வந்தது.

ஆனால் இந்தக் கதையையும் இவ்விடத்தில் நிறுத்தினால் தங்கள் கட்டுரை செய்ததையே நானும் செய்தவளாவேன். மூன்று பருவங்கள் ஆடிய ரோல், 2009ஆம் ஆண்டில் தொழில்முறை லீக்குக்குப் போயிருந்தால், கழகங்கள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தெரிவில் முன்வரிசைச் சுற்றுகளில் எடுக்கப்பட்டிருப்பார் என்பதே அப்போதைய கணிப்பு. அவரோ அந்த ஆண்டை ஒக்ஸ்போர்டில் மருத்துவ மானிடவியல் படிப்பதற்குக் கொடுத்தார். திரும்பி வந்தபோது சந்தேகங்கள் காத்திருந்தன. நேர்முகத் தேர்வுக்காகச் சக ஆட்டக்காரர்களை விட்டுப் போனபோது எப்படி இருந்தது என்று ஒரு தொழில்முறைக் கழகத்தினர் தம்மைக் கேட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 2010ஆம் ஆண்டுத் தெரிவில் ஆறாவது சுற்றில், 207ஆவது ஆளாகத்தான் டெனசி டைட்டன்ஸ் கழகம் அவரை எடுத்தது. முதற் சுற்றுக்கும் ஆறாவது சுற்றுக்கும் இடையே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கிடைக்கும் பணத்தில் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. லீக் பருவத்தின் முறையான போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. பின்னர் பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் கழகம் சில மாதங்கள் வைத்திருந்து விடுவித்தது. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் ஒருசேர இடம் கொடுத்தவர் அதற்காக ஒரு விலையும் கொடுத்தார் என்பதை என் பேரனிடம் நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எங்கள் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வரவேண்டியது. சிறு வயதில் ஒரு குறிப்பேட்டில் இரண்டு இலக்குகளை எழுதி வைத்திருந்ததாகவும், ஒன்று தொழில்முறை உதைபந்தாட்டம், மற்றது மூளைச் சத்திரசிகிச்சை என்றும், முதலாவது கைநழுவிச் சோர்ந்திருந்த நாளில் தாயார் அந்தக் குறிப்பேட்டை எடுத்து இரண்டாவதைக் காட்டியதாகவும் அவர் மேடைகளில் சொல்லியிருக்கிறார். தாம் ஆடிய அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 2017ஆம் ஆண்டில் மருத்துவரானார். அவ்வாண்டே பொஸ்டனில் உள்ள மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பயிற்சியைத் தொடங்கினார். அந்நாட்டில் அது ஏழு ஆண்டுப் பயிற்சி. பல்கலைக்கழகத்தில் மிக்கி அன்ட்ரூஸ் என்ற பயிற்றுநர் ஒவ்வொரு நாளும் இரண்டு வீதம் மட்டும் முன்னேறும்படி கற்றுக்கொடுத்ததையே சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பின்பற்றுவதாக அவர் கூறுகிறார். பந்து அவருக்கு வாழ்க்கைத் தொழிலாக அமையவில்லை; ஆயினும் பந்தோடு கழிந்த காலத்தை அவர் ஒருபோதும் வீண் என்று சொன்னதில்லை.

ரோல் ஒருவர்தானே, விதிவிலக்கை வைத்து விதி சொல்லலாமா என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. கொலராடோ பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட வீரர் பைரன் வைட், ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று, 1962 முதல் 1993 வரை அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தார் என்பதும், நொட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஆடிய அலன் பேஜ், தொழில்முறை ஆட்டத்தில் இருந்தவாறே சட்டப் பட்டம் பெற்று, பின்னர் மினசோட்டா மாநில உயர் நீதிமன்றத்தில் 22 ஆண்டுகள் அமர்ந்தார் என்பதும் உண்மைதான். என்றாலும் இவர்களையும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே ஆட்களை விட்டுவிட்டு ஒழுங்குகளைப் பார்ப்போம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 1906ஆம் ஆண்டு தோன்றியது. அதன் முதற்பிரிவுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலேயே ஆட விரும்பும் மாணவன் பாடசாலையில் 16 அடிப்படைப் பாடநெறிகளை முடித்து, நான்குக்கு 2.3 என்ற புள்ளிச் சராசரியையாவது பெற்றிருக்க வேண்டும். சேர்ந்த பின்னர், இரண்டாம் ஆண்டு முடிவில் தான் எடுத்த பட்டத்தின் 40 வீதத்தையும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 வீதத்தையும், நான்காம் ஆண்டு முடிவில் 80 வீதத்தையும் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் களத்துக்கு வெளியேதான் நிற்பான். தனி மாணவனை மட்டுமன்றி அணியையும் அளக்கிறார்கள். வீரர்கள் படிப்பில் தொடர்கிறார்களா, தகுதியோடு இருக்கிறார்களா என்பதை 1,000க்குப் புள்ளியிட்டு, நான்காண்டுச் சராசரி 930க்குக் கீழே இறங்கிய அணியைப் பருவ இறுதிப் போட்டிகளிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டில் கனெக்ரிகட் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணியே இவ்விதம் வெளியே நிறுத்தப்பட்டது. கணக்குப் படிப்பித்தவள் என்ற வகையில் எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த விடயம் ஒன்று உண்டு. மாணவன் சித்தி எய்தாவிட்டால் இழப்பு பயிற்றுநருக்கும் வருகிறது. ஆகையால் அவனுடைய பாடப் புத்தகம் பயிற்றுநரின் கவலையும் ஆகிவிடுகிறது.

இந்த ஏற்பாடு நேர்மையாக நடக்காத இடமும் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகளாக, விரிவுரையே நடக்காத பாடநெறிகளில் ஒரே ஒரு கட்டுரையை ஒப்படைத்து உயர்ந்த புள்ளி பெறும் வழி இருந்தது. சுமார் 3,100 மாணவர்கள் அதனூடாகச் சென்றார்கள் என்றும், அவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014ஆம் ஆண்டில் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. ஆடிக் களைத்த பிள்ளைக்கு இரங்கி வழிவிட்டோம் என்று சம்பந்தப்பட்டவர்கள் நினைத்திருக்கக்கூடும். அந்தப் பிள்ளை கையில் கொண்டுபோனது எழுத்து இல்லாத தாள். ஆட்டத் திறமைக்காகப் பாடத்தில் சலுகை காட்டும் வழக்கத்தை நான் கொழும்பிலும் கண்டிருக்கிறேன். எந்தப் பாடசாலை என்று எழுத விரும்பவில்லை. அந்த மாணவர்கள் சாதாரணதரப் பெறுபேற்றைக் கையில் வாங்கிய நாளில் அவர்களுக்குக் கைதட்ட மைதானத்தில் எவரும் இருக்கவில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். தங்கள் கட்டுரை அதைத்தான் முதன்மையாகச் சொன்னது. 2021 ஜூன் 21ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், கல்வியோடு தொடர்புடைய நன்மைகளுக்கு என்.சி.ஏ.ஏ. எல்லை போடுவது சட்டத்துக்கு முரண் என்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதி முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதி வந்தது. 2025ஆம் ஆண்டில் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன்னுடைய எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் பகிர்ந்து நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; முதலாவது ஆண்டான 2025-26இல் அதற்கான எல்லை 20.5 மில்லியன் டொலர். பல்லாயிரம் பேர் அமரும் அரங்குகளை நிரப்பிக்கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த வருமானத்தில் பங்கு கிடைப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். அதைப் பேராசை என்று சொல்லும் உரிமை, அவர்களின் உழைப்பில் இத்தனை ஆண்டுகள் பிழைத்தவர்களுக்கு இல்லை.

ஆனால் பணத்தோடு வேறொன்றும் வந்திருக்கிறது. முன்பு பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். இப்போது அந்தத் தடை இல்லை. ஆகவே அதிகம் தருகிற இடத்துக்கு வருடத்துக்கு வருடம் மாறுகிற வீரர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் முடித்த பாடநெறிகள் எல்லாவற்றையும் மற்றப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதில்லை. மூன்று இடம் மாறியவனின் பட்டம் எங்கே முடியும்? மேலும், ஓர் ஆண்டில் தொழில்முறைத் தெரிவுக்குத் தகுதியுள்ள பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரர்களில் எடுக்கப்படுபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 32 கழகங்கள், ஏழு சுற்றுகள்; சில கழகங்களுக்கு ஈடாகக் கிடைக்கும் மேலதிகத் தெரிவுகளையும் கூட்டினால் 260 பேர் அளவில்தான் வரும். மீதமுள்ள தொண்ணூற்றெட்டுப் பேரில் மிகப் பெரும்பாலோர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் வேறு வேலை தேடத்தான் போகிறார்கள்.

எடுக்கப்பட்டவர்களுக்கும் உறுதி இல்லை. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் லட்டிமோர் பந்தை ஏந்தி ஓடும் நிலையில் அந்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக எண்ணப்பட்டவர். 2011ஆம் ஆண்டில் ஒரு முழங்கால் பழுதுபட்டது. மீண்டு வந்து ஆடிக்கொண்டிருந்தபோது, 2012 ஒக்டோபரில் மற்ற முழங்காலின் மூட்டு விலகித் தசைநார்கள் கிழிந்தன. அடுத்த ஆண்டில் தொழில்முறைக் கழகம் ஒன்று அவரை நான்காம் சுற்றில் எடுத்தது. ஒரு போட்டியும் ஆடாமலே 2014ஆம் ஆண்டில் அவர் ஓய்வை அறிவித்தார்.

முழங்காலாவது கண்ணுக்குத் தெரிகிறது. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி உள்ளே செய்வது வெளியே தெரிவதில்லை. 2017ஆம் ஆண்டில் பொஸ்டன் ஆய்வாளர்கள், இறந்தபின் தானமாக வழங்கப்பட்ட 202 உதைபந்தாட்ட வீரர்களின் மூளைகளைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை வீரர்கள் 111 பேரில் 110 பேருக்கும், பல்கலைக்கழக மட்டத்தோடு நின்றவர்கள் 53 பேரில் 48 பேருக்கும் நாட்பட்ட மூளைச் சிதைவு நோய் காணப்பட்டது. இந்த எண்களை முழு ஆட்டக்காரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது; அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருப்பார்கள் என்பதை ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் றக்பி ஆடும் பிள்ளைகள் தலைக்கவசமே இல்லாமல் மோதுகிறவர்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்த ஆட்டக்காரனை உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்று மீண்டும் களம் இறக்கக் கூடாது என்பது உலக றக்பி அமைப்பின் அறிவுறுத்தல். கொழும்பில் பாடசாலைப் போட்டியைப் பார்க்கப் போகும் பெற்றோர், மைதானத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். என் பேரனைப் பற்றி எனக்குள்ள உண்மையான அச்சம் இதுதான். சோதனையைப் பற்றி அந்த அளவுக்கு அச்சம் இல்லை.

அமெரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு, எங்கள் ஆட்களில் யாராவது இப்படி இருந்தார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் பங்குபற்றினார். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அவரும் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்; பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித்துறையிலே பணியாற்றியவர். பாய்ந்தவரும் படித்தவரும் ஒருவர்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும் என்று வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த வீடுகளில் விசாரித்தேன். இரண்டு முதியவர்கள் மட்டுமே சொன்னார்கள்.

இவ்வளவையும் எழுதுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தடைதாண்டி ஓட்டத்தில் மாகாண மட்டத்துக்கு வந்தவன், கணக்கில் நடுத்தரம். அவனுடைய தகப்பனாரை அழைத்து, உயர்தரம் முடியும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள், பிள்ளை மேலே வந்துவிடுவான் என்று சொன்னவள் நான். என் சொல்லை மதித்து அவர் நிறுத்தினார். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் மிச்சம் என்று நான் போட்ட கணக்கு தாளில் சரியாகத்தான் இருந்தது. பையனுடைய புள்ளி கூடவில்லை, குறைந்தது. பல வருடங்களுக்குப் பிறகு காலி வீதியில் ஒரு கடை வாசலில் அவனைச் சந்தித்தபோது, மரியாதையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், அந்தப் பத்து மணித்தியாலமும் நான் படிக்கேல்லை. சும்மா மேசையிலை இருந்தனான்" என்றான். அவன் குற்றம் சாட்டவில்லை. நான்தான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

ஓட விட்டிருந்தால் அவன் மருத்துவனாகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. அவனுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை என்பதையே சொல்கிறேன். மைதானத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வகுப்பில் அவன் எப்படி என்று பயிற்றுநருக்குத் தெரியாது. தகப்பனாருக்கு இரண்டும் தெரியாது. மூன்று பேரும் ஒரு மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆட்ட வீரர்களுக்கென்று கல்வி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்குப் பிறகு மாணவர்கள் ஒன்றாக இருந்து படிக்கும் கட்டாய நேரம் இருக்கிறது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதியும் இருக்கிறது. அந்த விதி அங்கே அடிக்கடி மீறப்படுகிறது என்பதும், உண்மையில் செலவாகும் நேரம் 40 மணித்தியாலத்தையும் தாண்டுவதாக உதைபந்தாட்ட வீரர்களே கருத்துக்கணிப்புகளில் கூறியிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மீறுவதற்காவது அங்கே ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. இங்கே மாலை ஆறு மணிக்கு மைதானத்திலிருந்து வரும் பிள்ளை சேற்றுக் காலோடு ஆறரை மணி வகுப்புக்கு ஓடுகிறான். அங்கே இருநூறு பேரோடு இருந்து இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறான். மைதானத்தின் நேரத்தையும் வகுப்பின் நேரத்தையும் குறித்தவர்கள் ஒருவரோடொருவர் ஒருநாளும் பேசியவர்கள் அல்லர்.

எங்கள் பாடசாலைகளுக்குக் கோடிக்கணக்கான டொலரோ பெரிய அரங்கோ தேவையில்லை. அதிபர் மனம் வைத்தால், அணியில் உள்ள ஒவ்வொரு உயர்தர மாணவனுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமித்து, தவணைக்கு ஒருமுறை அவனுடைய புள்ளிகளைப் பயிற்றுநர் முன்னிலையில் பார்க்கச் செய்யலாம். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கியவனை இரண்டு போட்டிகளுக்கு வெளியே இருத்தலாம். அணியிலிருந்து துரத்தாமல், படித்துவிட்டுத் திரும்பி வரும்படி வாசலைத் திறந்து வைத்திருக்கலாம். தனியார் வகுப்பு நடத்துபவர்களும், அணி வீரர்களுக்குச் சனி, ஞாயிறு காலையில் மாற்று நேரம் கொடுக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். ஒரு சிலர் இப்போதே கொடுக்கிறார்கள் என்று பேரன் சொல்கிறான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இதற்காகவே முதன்மையாக எழுதத் தொடங்கினேன். தங்கள் விளையாட்டுப் பக்கம் ஒவ்வொரு பருவத்திலும் பாடசாலை அணித் தலைவர்களின் படத்தைப் போடுகிறது, போட்டி விபரத்தை நன்றாகத் தருகிறது. இறுதி விசில் ஊதியதோடு அந்தப் பிள்ளைகள் பத்திரிகையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னர் இதே பக்கத்தில் படம் வந்தவர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, தங்கள் செய்தியாளர்கள் தேடிப் போய்ச் சந்திக்க வேண்டும். உயர்தரத்தில் என்ன பெறுபேறு கிடைத்தது, எந்தப் பயிற்றுநர் அல்லது ஆசிரியர் கைகொடுத்தார், எந்தக் காயம் இன்னும் வலிக்கிறது, இன்று என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். வென்றவர்களை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டாம். மைதானத்தாலும் வகுப்பாலும் கைவிடப்பட்டவர்களையும் எழுதுங்கள். அமெரிக்காவில் மைரன் ரோலின் கதை 207ஆவது இடத்தோடு நின்றுவிடாமல் சத்திரசிகிச்சைக் கூடம் வரை தெரிய வந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் பிறகும் போய்க் கேட்டதுதான்.

என் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே இன்னும் முடிவு எட்டப்படவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மாலை பயிற்றுநரையும் வகுப்பாசிரியையையும் ஒன்றாகச் சந்திப்பதற்கு மருமகன் சம்மதித்திருக்கிறார். அந்த மேசையில் காட்டுவதற்கு என்னிடம் புளோரிடாவின் கதை ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த வருடம் இதே கேள்வியோடு இருக்கப்போகும் இன்னொரு குடும்பத்துக்காவது இந்த நகரத்து ஆட்டக்காரர் ஒருவரின் கதை தங்கள் பத்திரிகையிலிருந்து கிடைக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.